மூன்று கூடைக்குப் போன மாம்பழக் கலர் புடவை

போன வருடம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. திருத்தணியில் மலைக்குப் போகும் சாலை முழுக்க மஞ்சள் துணியும் காவடியுமாக இருந்த அந்த நாளில், எங்கள் வீட்டு மனைப் பட்டாவை நான் மூன்று பிளாஸ்டிக் கூடைக்குக் கொடுத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ரொம்ப அக்கறையாகச் செய்தேன். அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

எங்களுடையது சிமெண்ட் ஷீட் கூரை போட்ட சின்ன வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை. அந்த அறையின் சுவரிலேயே கட்டிய அலமாரி ஒன்றுதான் மொத்த வீட்டுக்கும். நான்கு கடப்பாக்கல் தட்டு, கதவு கிடையாது. யாரோ பிறந்தநாளுக்கு அடித்த பேனரைத் திருப்பிப் போட்டுத் திரையாகக் கட்டியிருந்தோம். அம்மா, அப்பா, நான், எல்லார் துணியும் அதற்குள்தான் திணிந்து கிடக்கும். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. என் மனைவியின் துணிகளுக்கு அதில் இடமே இல்லை. அவள் தினமும் காலையில் தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, ஒரு புடவையை உருவிக்கொண்டு மறுபடி உள்ளே தள்ளுவாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவள் முகம் சுளிக்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு நட்டு போல்ட்டுக்குக்கூட ஒரு ரேக், ஒரு எண், ஒரு ஸ்டிக்கர் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். கல்லூரியும் முடித்து இப்படி ஒரு வேலையில் இருப்பவன், சொந்த வீட்டு அலமாரியை ஒழுங்கு பண்ணக் கூடாதா என்று தோன்றியது. செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டேன். செல்போனில் நாலைந்து வீடியோ பார்த்தேன். அதில் வருகிறவர்கள் வீட்டு அலமாரிக்குள் எங்கள் வீடே அடங்கிவிடும். இருந்தாலும் யோசனை கிடைத்தது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அரசு வீடு கட்டிக்கொடுக்கும் திட்டத்தில் அம்மாவின் பெயர் வந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கு அடுத்த புதன்கிழமை அசல் பட்டாவோடு தாலுகா அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பட்டா பல வருடங்களுக்கு முன்பு கையால் எழுதிக் கொடுத்தது. கணினியில் ஏறவில்லை. "ஜெராக்ஸாவது எடுத்து வெக்கலாம், குடும்மா" என்று நான் இரண்டு தடவை கேட்டிருந்தேன். "அது எங்கிட்ட பத்திரமாத்தான் இருக்குது. அன்னிக்கு எடுத்துக் குடுக்கறேன், போ" என்று சொல்லிவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே அம்மா பூப்பறிக்கப் போய்விட்டார். கிருத்திகை சமயத்தில் சாமந்தித் தோட்டத்தில் ஆள் போதாது. பறித்து மூட்டை கட்டி வரும்போது மதியம் ஆகிவிடும். அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. இரவு காவல் வேலை முடித்து வந்து கூடத்தில் படுத்திருந்த நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), நான் துணிகளை அள்ளிப் போடுவதைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"உங்கம்மா வரட்டும்டா. அவ துணிய அவ பாத்துக்குவா."

"சர்ப்ரைஸ், நைனா."

"அவளுக்கா? நீ ஒத வாங்கப் போற" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நானும் மனைவியும் வேலையை ஆரம்பித்தோம். ஓதம் ஏறிப் பொரிந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டி, வெள்ளை சிமெண்டைக் கரைத்து இரண்டு தடவை அடித்தோம். மின்விசிறியைத் தூக்கி வைத்துக் காயவிட்டோம். பிளம்பர் விட்டுப்போன குழாய்த் துண்டு ஒன்று கூரையில் செருகியிருந்தது. அதைக் கழுவி மேல்தட்டுக்குக் கீழே குறுக்கே பொருத்தியதும் சட்டை மாட்ட இடம் வந்துவிட்டது. பொதட்டூர்பேட்டையில் தறிக்கூடத்தில் வேலை செய்யும் என் மச்சான் லுங்கி அட்டைப்பெட்டிகள் ஆறும், நெசவில் பழுது விழுந்த நீலத் துணி ஒன்றும் கொடுத்தனுப்பியிருந்தார். பெட்டிகளுக்குக் காலண்டர் தாள் ஒட்டினோம். நீலத் துணி திரையாயிற்று. தட்டுகளில் செய்தித்தாள் விரித்து, அதன் அடியில் வேப்பிலை போட்டாள் மனைவி. அதுவரை ஆன செலவு வெள்ளை சிமெண்டும் பிரஷும் ஒரு டஜன் ஹேங்கரும்தான்.

பழைய துணிகளை என்ன செய்வது என்று பார்த்தபோதுதான் தெருவில் அந்தக் குரல் கேட்டது. "பழைய துணிக்குப் பாத்திரமே... பேண்டு சட்டைக்கு டப்பாவே..." தலையில் கூடையும் தோளில் மூட்டையுமாக ஒரு அக்கா. என் வீடியோ எல்லாம் சொன்ன ஒரே பாடம், கட்டாததைக் கழித்துவிடு என்பதுதான். நான் கழித்தேன். ஒவ்வொரு துணியையும் உதறி உதறிப் பார்த்துத்தான் கழித்தேன், அதையும் சொல்ல வேண்டும். அம்மாவின் பழைய புடவைகளிலிருந்து நிறைய காகிதங்கள் விழுந்தன. ஆஸ்பத்திரிச் சீட்டு, ரசீது, எதெதுவோ. ஒன்றைக்கூட எறியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஃபைலில் போட்டு, 'முக்கிய ஆவணங்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். பட்டாவும் அதில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிரித்துப் பார்க்கவில்லை.

வாசலில் துணிக்குவியலைக் கிளறிய அந்த அக்கா ஒரு பனியனைத் தூக்கிப் பிடித்தார். "இன்னா தம்பி, துணி கேட்டா வலையக் குடுக்கற? மீன் புடிக்கலாம் போலக்குது."

"அது நைனாவோடது. ஜீன்ஸப் பாருங்கக்கா, நல்லாக்குது."

"ஜீன்ஸு சரி. இந்தப் பொடவைங்க கைய வெச்சாலே கிழியுது. மிசினு தொடைக்கத்தான் போவும். ரெண்டு கூடை எடுத்துக்கோ."

என் மனைவி விடவில்லை. "தட்டு நாலு இருக்குது, கூடை ரெண்டு குடுத்தா எப்டிக்கா?"

அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார் அந்த அக்கா. "புதுப்பொண்ணா? சரி, மூணா எடுத்துக்கோ. கொழந்த பொறந்து, துணி சின்னதாப் போச்சின்னா எல்லாம் எனக்குத்தான், ஆமா!"

மூன்று கூடைகளையும் தட்டில் அடுக்கி, எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, அவள் பெட்டியிலிருந்த புடவைகளை மடித்து இரண்டாவது தட்டில் வைத்தபோது, மனைவி காலிப் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு நீலத் திரையை இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். இதற்காகத்தானே இவ்வளவும் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இரண்டு மணிக்கு அம்மா வந்தார். கையெல்லாம் சாமந்திக் கறை. திரையை விலக்கிக் காட்டியதும், "நம்ம வூடாடா இது!" என்று வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்தார். கடைசித் தட்டில் இருந்த ஸ்டிக்கரைத் தொட்டு, "இது இன்னா எழுதிக்குது?" என்றார்.

"அம்மா புடவைன்னு."

"எம் பொடவைய எனக்கே எழுதிக் காட்டறியா? நான் எங்க படிச்சேன்?" என்று சிரித்தார். சிரித்தபடியே அந்தத் தட்டின் உள்ளே கையை விட்டார். கை அங்கேயும் இங்கேயும் போயிற்று. சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த மாம்பழக் கலர் பொடவ எங்கடா?"

நான் ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். "அதுல இருந்த பேப்பரெல்லாம் இதுலதான்மா இருக்குது." அம்மா ஃபைலைப் பிரித்தார். காகிதங்களைத் திருப்பினார். எதுவும் அவருக்குப் புரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பட்டா இல்லை.

"அது எப்டிடா கீழ வுழும்? கவருல போட்டு, மடிப்புக்குள்ள ஊக்கு குத்தி வெச்சிருந்தேன்" என்றார் அம்மா. சத்தம் போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "நாலு வருசம் நடந்தேன்டா அதுக்கு."

கூடத்திலிருந்து நைனாவின் குரல் மட்டும் வந்தது. "ஏன்டா, பேசிக்கினே நிக்கறீங்க? போய்த் தேடுங்கடா!"

வண்டியை எடுத்தேன். "அடையாளம் எனக்குத்தான் தெரியும்" என்று அம்மாவும் பின்னால் ஏறிக்கொண்டார். அந்தப் பயணத்தை என்னால் மறக்க முடியாது. ஊரே மஞ்சளாக இருந்தது. காவடி எடுப்பவர்கள், பாதயாத்திரைக்காரர்கள், ஆந்திரா பக்கமிருந்து வேனில் வந்து இறங்கியவர்கள் என்று எங்கே பார்த்தாலும் மஞ்சள் புடவை, மஞ்சள் வேட்டி. அதற்குள் நாங்கள் ஒரே ஒரு மாம்பழ மஞ்சளைத் தேடிக்கொண்டிருந்தோம். அரோகரா சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். இரண்டு தெருவில் விசாரித்தோம். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் சொன்னார்: "துணிக்காரங்களா? நாலு மணி வண்டிக்கு ஸ்டேஷன்ல இருப்பாங்க. கோட்டை வுட்டீங்கன்னா மூட்டை எந்த ஊருக்குப் போவும்னு யாருக்கும் தெரியாது."

ரயில் நிலையத்தில் நடைமேடையின் கடைசியில் நான்கு பெண்கள் மூட்டைகளைத் தைத்து முடித்து உட்கார்ந்திருந்தார்கள். எங்களிடம் கூடை கொடுத்த அக்காவும் அங்கே இருந்தார். என்னைப் பார்த்ததும், "கூடை ஓட்டையா தம்பி? அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் இடுப்பிலிருந்த ஒரு சுருக்குப்பையை அவிழ்த்துக் கொட்டினார். சாவி, ஒரு கம்மல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஏதோ டோக்கன். "துணியில இன்னா வுழுந்தாலும் நான் தூக்கிப் போட மாட்டேன். அடுத்த தபா போவும்போது கேட்டுக் குடுப்பேன். இதுல இல்லியே?" இல்லை. வண்டி வர இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. தைத்த மூட்டையைப் பிரித்தால் மறுபடி தைக்க நேரம் இருக்காது. கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு பல்லாலேயே மூட்டையின் நூலைக் கடித்து அறுத்தார்.

"இன்னாடி பாக்கறீங்க? பிரிங்கடி, இன்னொரு வண்டி வராமலா பூடும்?" என்றார் மற்றவர்களிடம்.

நான்கு மூட்டைத் துணியும் நடைமேடையில் மலையாகக் குவிந்தது. எல்லாரும் தேடினோம். மாம்பழக் கலரில் மூன்று புடவை கிடைத்தது. அம்மா தொட்டுப் பார்த்தே, "இது இல்ல, கரை வேற" என்று தள்ளினார். நாலு மணி வண்டி வந்து நின்றது, கிளம்பியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. குவியல் குறையக் குறைய எனக்குள் என்னவோ வற்றிக்கொண்டே வந்தது.

கடைசித் துணியும் தீர்ந்தது. அம்மா பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார். அப்படியே அசையாமல் நின்றார். "ஏம்மா, உன் கூடைக்கு அடியில இருக்கறது இன்னா?"

பாத்திரக் கூடைக்கு அடியில், வட்டமாகச் சுருட்டி முடிந்து, சும்மாடாகக் கிடந்தது ஒரு துணி. தலைச்சுமைக்கு அணையாக வைத்துக்கொள்வதற்கு. பழைய காட்டன், நல்ல மெத்து. எங்கள் புடவை!

"அடப்பாவமே! இத்த நான் அப்போலேர்ந்து தலமேலயே வெச்சிகினு சுத்தறேனே" என்று வாயைப் பொத்திக்கொண்டார் அந்த அக்கா. "நடுவுல கரகரன்னுச்சி. சோப்புக் கவருன்னு நெனச்சேன்."

அம்மா உதறவில்லை. மடியில் போட்டு மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். துருப்பிடித்த ஊக்கு, பிளாஸ்டிக் கவர், உள்ளே நாலாக மடித்த பட்டா. முத்திரையும் கையெழுத்தும் அப்படியே இருந்தன. அம்மா அதை என்னிடம்தான் நீட்டினார். "படிச்சிப் பாரு, அதானா?" படித்தேன். அதுதான்.

"ஏம்மா பொடவையில வெச்ச?" என்று நான் கேட்டேன். அப்போது அம்மா சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

"எந்தப் பேப்பரு எதுன்னு எனக்கெப்டிடா தெரியும்? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குது. ஆனா எந்தப் பேப்பரு வாங்கன அன்னிக்கு எந்தப் பொடவ கட்டியிருந்தேன்னு தெரியும். பட்டா குடுத்த அன்னிக்கு இதான் கட்டிகினு போனேன். அதுலயே வெச்சிட்டா மறக்காது."

"ஆங், அப்டித்தான்க்கா" என்றார் துணிக்கார அக்கா உடனே. "நான் எம்பொண்ணு ஜாக்கெட்டுல வெச்சிருக்கேன், ஆஸ்பத்திரி சீட்ட." மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். அந்த இடத்தில் அது புரியாமல் நின்றது நான் ஒருவன்தான். நான் எடுத்துக் கழித்தது பழைய துணி இல்லை. அது முப்பது வருடமாக அம்மா தப்பில்லாமல் நடத்திவந்த ஒரு ஸ்டோர்ஸ். கடைசித் தட்டில் இருந்த ஒவ்வொரு கந்தலுக்கும் ஒரு காகிதம், ஒரு நாள். அதை ஒரே ஃபைலில் கொட்டிக் கலைத்துவிட்டு, அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் பெயரும் ஒட்டியிருக்கிறேன்.

அம்மா தன் மற்றப் புடவைகளையும் குவியலிலிருந்து பொறுக்கிக்கொண்டார். கூடைகளைக் கொண்டுவந்து திருப்பித் தருவதாகச் சொன்னேன். அந்த அக்கா கையை உதறினார். "குடுத்தது குடுத்ததுதான். புதுப்பொண்ணுக்குக் குடுத்தத நான் திருப்பி வாங்குவேனா? எனக்குத் தலைக்கு ஒரு துணி குடு, போதும்." பைக்கில் வைத்திருந்த என் துண்டைக் கொடுத்தேன். அவர்கள் மூட்டையை மறுபடி தைத்து முடிக்கும்வரை நானும் அம்மாவும் கூட இருந்து துணியைத் திணித்துக் கொடுத்தோம். அடுத்த வண்டிக்கு ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினோம்.

புதன்கிழமை அசலைக் காட்டினோம். பார்த்துக் குறித்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே, அந்த ஞாயிறு மாலையே, ஃபைலில் இருந்த காகிதங்களைக் கட்டிலில் பரப்பி உட்கார்ந்தோம். நான் இன்ன காகிதம் என்று படிப்பேன். அம்மா எந்தத் துணி என்று சொல்வார். மனைவி அதற்குள் வைத்து ஊக்கு குத்துவாள். நைனாவுக்குக் கரும்பு வெட்டும்போது காலில் வெட்டுப் பட்டதற்கான ஆஸ்பத்திரிச் சீட்டு, ஒரு கட்டம் போட்ட லுங்கிக்குள் போயிற்று. "அன்னிக்கு ரத்தம் துடைச்சது இதுலதான்" என்றார் நைனா, ஏதோ பரிசு வாங்கிய கதை போல. என் பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு பச்சைப் புடவை. இரண்டு காகிதத்தை ஒரே புடவையில் வைக்கலாமா என்று கேட்டதற்கு, "கொழம்பிடும்டா, உனக்கு எதுனா தெரியுதா?" என்று திட்டு வாங்கினேன். கடைசித் தட்டின் ஸ்டிக்கரை நானே கிழித்தேன். அந்தத் தட்டு மட்டும் அம்மாவின் கணக்கு. அலமாரி பார்க்க இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு சின்னச் சீட்டு மிஞ்சியது. என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்ததற்கான சீட்டு. படித்துச் சொன்னேன். அம்மா அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"இதுக்குப் பொடவ இல்லடா. அன்னிக்குக் கட்டிகினு போறதுக்கு எங்கிட்ட நல்லதா ஒண்ணுமில்ல. எதிர்வூட்டு அக்காகிட்ட இரவல் வாங்கிக் கட்டிகினு வந்தேன். சாயங்காலமே தொவச்சிக் குடுத்துட்டேன்."

"என்னுது ஒண்ணு தர்றேன் அத்தை, அதுல வெச்சிக்கலாம்" என்றாள் மனைவி.

"அன்னிக்கு நீ எங்கடி இருந்த? மூக்கு ஒழுவிகினு உங்க ஊருல ஓடிகினு இருந்திருப்ப" என்று அம்மா சிரித்தார். சீட்டைத் தட்டில் விரித்திருந்த தாளுக்கு அடியில், அப்படியே வெறுமனே வைத்தார். "கத்திரிப்பூக் கலரு. வெள்ளைக் கரை. ஓரத்துல சின்னதா ஒரு கிழிசலு. எனக்கு ஞாபகம் இருக்குது. அது போதும்."

நான் பள்ளிக்கூடம் சேர்ந்த நாளை, திருப்பிக் கொடுத்துவிட்ட ஒரு புடவையின் நிறமாக அம்மா இத்தனை வருடம் கலையாமல் வைத்திருக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த எதையும் அவ்வளவு பத்திரமாக நான் வைத்துக்கொண்டதில்லை.